கணினி இல்லாமல் வெளிநாட்டுப் பயணம்: போனை வைத்தே ஜிபிஎஸ் மேப்புகளைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாதக்கணக்கில் சைக்கிளிலோ பைக்கிலோ நடந்தோ பல நாடுகளைச் சுற்றக் கிளம்புகிறவர்கள் லேப்டாப்பைச் சுமக்க விரும்புவதில்லை. எடை, திருட்டு பயம், மழை என்று காரணங்கள் நிறைய. மேப் வேலைகளைப் பொறுத்தவரை லேப்டாப் தேவையும் இல்லை. ஒரு போன், ஒரு கார்டு ரீடர், இரண்டு மெமரி கார்டு இருந்தால் போதும். ஆனால் எதை எப்போது செய்வது என்ற வரிசை தவறக் கூடாது. புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பார்த்தால், கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டிய வேலையை எல்லைச் சாவடியில் நின்றுகொண்டு செய்துகொண்டிருப்பார்கள்.

கீழே சொல்லியிருப்பது ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் பொருந்தும். மாறும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். போன் மட்டும் வைத்திருப்பவர்கள் 5-ஆம் பகுதியை விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

1. இருப்பிடம் வேறு, மேப் வேறு

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் போன் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னலை வாங்க மட்டுமே செய்கிறது; எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதற்கு சிம் கார்டும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். இன்றைய போன்கள் பெரும்பாலானவற்றில் ஏரோபிளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இணையம் தேவைப்படுவது அந்தப் புள்ளிக்குக் கீழே விரியும் மேப்புக்குத்தான்.

இன்னொரு இடத்திலும் இணையம் உதவுகிறது. செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைப் போன் இணையத்திலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாவிட்டால் அதே விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுத் தகவல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும்.

அதனால் நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு, சிம் போடாத போனை விமான நிலையத்துக்குள் நின்று திறந்துவிட்டு "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். வெளியே வந்து, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் போனை அசைக்காமல் சில நிமிடம் வைத்திருங்கள். நடந்துகொண்டே இருந்தால் கட்டடங்களும் மரங்களும் சிக்னலை இடையிடையே அறுக்கும்; போன் அந்த 30 விநாடித் தகவலை மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டிவரும். ஒரு முறை இடம் பிடித்துவிட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு இந்தத் தாமதம் இருக்காது.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

போனில் தாராளமாகக் காலி இடம் வேண்டும். ஜிப் ஃபைலாக வரும் மேப்பை விரிக்கும்போது ஜிப்பும் விரித்த ஃபைலும் ஒரே நேரத்தில் இடம் பிடிக்கும். மேப்பின் அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் காலியாக இருந்தால்தான் வேலை நடக்கும். படங்களும் வீடியோவும் நிரம்பிய போனோடு கிளம்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

மைக்ரோ எஸ்டி கார்டு இரண்டு, ஒவ்வொன்றும் 32 ஜிபி அல்லது அதற்குக் கீழே. பெரியது வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு வருகின்றன. ஜிபிஎஸ் கருவிகளில் பல ஃபேட்32 முறையை மட்டுமே படிக்கும். கணினி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். வழியில் போனை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றுவது பெரும்பாடு.

போனின் சார்ஜிங் துளையில் பொருந்தும் சிறிய கார்டு ரீடர் ஒன்று. ஆண்ட்ராய்டு போன் ஓடிஜி (ரீடர் போன்ற வெளிக் கருவிகளைப் போனில் நேராகச் செருகிப் பயன்படுத்தும்) வசதி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜியைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாக அணைந்தும் விடும். ஐபோனில் ஐஓஎஸ் 13-லிருந்து ஃபைல்ஸ் ஆப் வெளிக் கார்டுகளைத் திறக்கிறது. லைட்னிங் துளை உள்ள பழைய ஐபோன்களில் சில ரீடர்களுக்கு மின்சாரம் போதாது. சார்ஜரையும் சேர்த்துச் செருகக்கூடிய அடாப்டர் வாங்குங்கள்.

கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பவர் பேங்கோடு இலவசமாக வரும் கேபிள்களில் சில சார்ஜுக்கு மட்டுமே ஆனவை, டேட்டா போகாது. வெளியில் பார்த்து வித்தியாசம் தெரியாது. வீட்டிலேயே ஒரு ஃபைலை மாற்றிப் பார்த்துவிட்டு, வேலை செய்யும் கேபிளில் ஒரு துண்டு கலர் டேப் ஒட்டிவிடுங்கள்.

பவர் பேங்க் 100 வாட்-ஹவருக்குள் இருக்கட்டும். 20,000 எம்ஏஎச், அதாவது 20 ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் என்றால் அதன் 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட்-ஹவர் வரும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

3. இரண்டு ஆப், இரண்டு வேறு மேப்

ஒரே ஆப்பை நம்பிப் போகாதீர்கள். இரண்டாவது ஆப்பும் வேறு மூலத்திலிருந்து வரும் மேப்பைக் காட்டுவதாக இருக்கட்டும். ஒன்றில் இல்லாத மலைப்பாதை மற்றொன்றில் இருக்கும். ஒன்றில் இல்லாத விடுதி மற்றொன்றில் இருக்கும்.

கூகுள் மேப்ஸ் கடைகளையும் விடுதிகளையும் தேடுவதற்கு அருமையானது. ஆனால் ஆஃப்லைனில் அது கார் வழியை மட்டுமே சொல்லும். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பேருந்துக்கும் வழி கிடைக்காது. மேப்பை டவுன்லோடு செய்தாயிற்று என்ற நிம்மதியில் கிளம்பி, நடு வழியில் நடைப்பாதை கேட்டால் பதில் வராது.

ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் இரண்டும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்குபவை. இவை நடை, சைக்கிள், கார் எல்லாவற்றுக்கும் இணையம் இல்லாமலே வழி போடும். ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது, இலவசம், விளம்பரம் இல்லை. முதல்முறை போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். ஓஸ்ம்அண்டில் வசதிகள் அதிகம், மெனுவும் அதிகம். பழக ஒரு வாரமாவது வேண்டும். அதன் இலவசப் பதிப்பில் டவுன்லோடு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, பல நாடுகள் போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் ஆப்பிள் மேப்ஸிலும் ஆஃப்லைன் வசதி உண்டு.

நாட்டுக்கு நாடு நிலைமை மாறும். சீனாவில் அரசு விதிப்படி உள்நாட்டு மேப்புகள் ஜிசிஜே-02 என்ற தனி அளவை முறையில் இருக்கின்றன. உலகம் முழுக்கப் புழங்கும் முறையோடு சேர்த்துப் பார்த்தால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். கூகுள் சேவைகளும் அங்கே தடுக்கப்பட்டிருக்கின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு உலக முறையிலேயே இருப்பதால் ஆர்கானிக் மேப்ஸில் நீங்கள் நிற்கும் சாலையிலேயே புள்ளி நிற்கும். தென்கொரியாவில் துல்லியமான மேப் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக இருந்த கட்டுப்பாட்டால் கூகுள் மேப்ஸின் வழிகாட்டல் நீண்ட காலமாகவே முழுமையாக இல்லை. அங்கே எல்லோரும் நேவர் மேப், ககாவ் மேப் இரண்டையும்தான் பயன்படுத்துகிறார்கள்.

4. கிளம்பும் முன் வீட்டில் ஒரு ஒத்திகை

இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள். ஆப்களை நிறுவி, போகும் முதல் நாட்டின் மேப்பை டவுன்லோடு செய்துவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கட்டும். இப்போது ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலில், போகப்போகும் ஊரைத் தெருவின் பெயர் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் டவுன்லோடு ஆகாத பகுதியும் ஆனதுபோலவே தெரியும், ஏனென்றால் உலக மேப்பின் மேலோட்டமான வடிவம் ஆப்போடு சேர்ந்தே வருகிறது. தெருக்கள் வந்தால்தான் மேப் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, இரண்டு ஊர்களுக்கு இடையே வழி கேளுங்கள். அப்புறம் குரல் வழிகாட்டலை ஓடவிடுங்கள். குரலுக்கான தரவு போனில் தனியாக டவுன்லோடு ஆக வேண்டியது. அது இல்லாவிட்டால் ஆஃப்லைனில் மேப் வரும், குரல் வராது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் பகுதியில் மொழியைத் தேர்ந்து இறக்கி வைக்கலாம்.

பெயர்கள் எந்த எழுத்தில் வருகின்றன என்றும் பாருங்கள். ஓஸ்ம்அண்டில் ஊர்ப் பெயர்களை அந்த நாட்டு எழுத்திலேயே காட்டும்படி மாற்ற முடியும். வழியில் ஒருவரிடம் போனை நீட்டி வழி கேட்கும்போது அது பெரிய உதவி. அவருக்கு ஆங்கில எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கடைசியாகக் கணக்குகள். வெளிநாட்டில் போன் தொலைந்து புதியது வாங்கினால், ஆப் ஸ்டோர் கணக்கில் நுழைய ஓடிபி கேட்கும். அது உங்கள் சொந்த நாட்டு எண்ணுக்குப் போகும். அந்த சிம்மும் தொலைந்த போனோடு போயிருக்கும். எனவே கணக்குக்கான மாற்று மீட்புக் குறியீடுகளை எடுத்துக் காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட்டோடு வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.

5. தனி ஜிபிஎஸ் கருவிக்குப் போன் வழியாக மேப் ஏற்றுதல்

கார்மின் மாதிரியான தனிக் கருவி வைத்திருப்பவர்கள்தான் "கணினி இல்லாமல் முடியாது" என்று அதிகம் பயப்படுகிறார்கள். கருவியோடு வரும் மேலாண்மை மென்பொருள் கணினியில்தான் ஓடும் என்பது சரி. ஆனால் கார்மின் கைக்கருவிகளுக்கு மேப் என்பது ஒரு ஐஎம்ஜி (.img) ஃபைல், அவ்வளவுதான். அதைச் சரியான ஃபோல்டரில் வைத்தால் கருவி எடுத்துக்கொள்ளும். வைப்பது கணினியா போனா என்பது அதற்குத் தெரியாது.

முதல் விதி: மேப்பை எப்போதும் மெமரி கார்டில் வையுங்கள், கருவியின் உள்நினைவகத்தைத் தொடாதீர்கள். பழுதான மேப் ஃபைல் ஒன்று உள்ளே இருந்தால் கருவி தொடக்கத் திரையிலேயே உறைந்து நிற்கலாம். அது கார்டில் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்யலாம். உள்நினைவகத்தில் இருந்தால் கருவி திறந்தால்தானே நீக்க முடியும்! உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஜிமேப்பிஎம்ஏபி (gmapbmap), ஜிமேப்ப்ராம் (gmapprom) என்ற ஃபைல்கள் கருவியோடு வந்த மேப்புகள். இடம் போதவில்லை என்று அவற்றை அழிக்காதீர்கள்.

இனி வரிசை.

அ) சரியான ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஓபன்டோபோமேப், ஓபன்ஃபீட்ஸ்மேப் போன்ற திட்டங்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கார்மின் வடிவில் இலவசமாகத் தருகின்றன. ஒரே மேப் பல வடிவங்களில் கிடைக்கும். விண்டோஸுக்கான நிறுவல் ஃபைலோ கார்மினின் கணினி மென்பொருளான பேஸ்கேம்ப்புக்கான வடிவமோ உங்களுக்கு உதவாது. மெமரி கார்டுக்கு நேராகப் போடும் வடிவம், அதாவது விரித்தால் ஐஎம்ஜி வருவது, அதுதான் வேண்டும். பகுதியைத் தேர்ந்து கோரிக்கை கொடுத்தால் தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பும் தளங்களும் உண்டு. அவற்றில் காத்திருக்க வேண்டிவரும் என்பதால் எல்லையை அடைய இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆ) டவுன்லோடு முடிந்ததும் ஜிப்பை விரியுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பும் ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பும் ஜிப்பைத் திறக்கும். கார்டில் வைத்து விரிக்காமல் போனிலேயே விரித்துவிட்டு, பிறகு நகலெடுங்கள். கார்டில் விரிப்பது மெதுவாக நடக்கும். நடுவில் ரீடர் கழன்றால் கார்டே கெட்டுப்போகக்கூடும்.

இ) ஃபைலின் பெயரைப் பாருங்கள். பழைய கருவிகள் ஜிமேப்சப் (gmapsupp) என்ற ஒரே பெயரை மட்டுமே ஏற்கும். அப்படியானால் ஒரு கார்டில் ஒரு மேப்தான். புதிய கருவிகளில் எந்தப் பெயரும் செல்லும், கடைசியில் ஐஎம்ஜி என்று முடிந்தால் போதும். நாட்டின் பெயரையே வைத்தால் பிறகு எதை அழிப்பது என்ற குழப்பம் இருக்காது. பெயர் மாற்றும்போது முடிவில் இரண்டு முறை ஐஎம்ஜி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமலேயே நடக்கும், கருவியும் எந்தப் பிழையும் காட்டாமல் மேப்பைப் புறக்கணித்துவிடும்.

ஈ) ஃபேட்32 கார்டில் 4 ஜிபியை எட்டும் ஃபைல் போகாது. நாடு பெரியதென்றால் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரும் மேப்பைத் தேடுங்கள். 90 சதவீதம் நகலான பிறகு "இடமில்லை" என்று போன் சொன்னால், கார்டில் இடம் இருந்தும் இந்த வரம்புதான் காரணமாக இருக்கும்.

உ) கார்டை ரீடரில் போட்டுப் போனில் செருகுங்கள். புதிய கார்டைப் போனின் உள்ளே இருக்கும் கார்டு இடத்தில் போடுகிறீர்கள் என்றால், ஆண்ட்ராய்டு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கலாம். "போர்ட்டபிள்" என்பதையே தேர்ந்தெடுங்கள். உள்நினைவகமாகச் சேர்த்துக்கொண்டால் போன் கார்டில் உள்ளதை வேறு யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துவிடும். அப்புறம் வேறு எந்தக் கருவியும் அதைப் படிக்காது.

ஊ) கார்டைத் திறந்ததும், வேறு எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், முதல் மட்டத்திலேயே கார்மின் (Garmin) என்ற ஃபோல்டரை உருவாக்கி ஐஎம்ஜியை அதில் நகலெடுங்கள். "மூவ்" கொடுக்காமல் "காப்பி" கொடுங்கள். கருவியில் சோதித்துப் பார்க்கும்வரை போனில் ஒரு பிரதி இருக்க வேண்டும். நகலெடுத்த பின் இரண்டு ஃபைல்களின் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் "எஜெக்ட்" கொடுத்துவிட்டு ரீடரை எடுங்கள்.

எ) கருவியை அணைத்துவிட்டுக் கார்டைச் செருகுங்கள். பல கைக்கருவிகளில் கார்டு இடம் பேட்டரிக்கு அடியில் இருக்கும். ஆன் செய்ததும் மேப் செட்டிங்ஸில் புதிய மேப்பை இயக்கி, அதே பகுதியைக் காட்டும் மற்ற மேப்புகளை அணையுங்கள். இரண்டும் ஓடினால் ஒன்றின்மேல் ஒன்று வரையப்பட்டு, சாலைகள் இரட்டையாகத் தெரியலாம். இல்லையென்றால் ஒன்று மற்றொன்றை மறைக்கும்.

கருவியை நேராகக் கேபிளில் போனோடு இணைத்தும் நகலெடுக்கலாமே என்று கேட்பார்கள். முடியும்தான், ஆனால் நான் கார்டு ரீடரையே சொல்வேன். கருவி வழியாகப் பெரிய ஃபைல் போக மிகுந்த நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்கக் கருவி போனின் சார்ஜை உறிஞ்சும். பென்டிரைவ் போலத் தெரியாமல் எம்டிபி என்ற வேறு முறையில் இணையும் புதிய கருவிகளைச் சில போன்கள் காட்டவே காட்டாது.

கார்டு இடமே இல்லாத கருவிகளும் இருக்கின்றன. வாஹூ நிறுவனத்தின் எலமென்ட் வகைச் சைக்கிள் கருவிகள் வைஃபையில் சேர்ந்து மேப்பைத் தாங்களாகவே இறக்கிக்கொள்ளும். இணையப் பக்கத்தில் அறை எண் கேட்டு உள்ளே விடும் விடுதி வைஃபை இந்தக் கருவிகளுக்கு ஒத்துவராது, அவற்றில் அந்தப் பக்கத்தைத் திறக்க வழியில்லை. உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துப் பார்ப்பதையும் வீட்டு ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்டிலேயே ஏற்றி விற்கப்படும் கட்டண மேப்புகள் அந்தக் கார்டோடு பூட்டப்பட்டவை. வேறு கார்டுக்கு நகலெடுத்தால் திறக்காது. அதை நம்பிப் போகிறவர்கள் இரண்டாவது கார்டில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பிரதி ஒன்றையும் வைத்திருங்கள்.

6. வழியில் மேப்பை மாற்றிக்கொண்டே போவது

அடுத்த நாட்டின் மேப்பை எல்லைக்கு முந்தைய நகரத்திலேயே இறக்குங்கள். எல்லை ஊர்களில் வைஃபை மெதுவாக இருப்பது வழக்கம். தாண்டிய பின் புதிய சிம் கிடைக்கும்வரை இணையமே இருக்காது. சிம் விற்கும் கடைக்குப் போகவே மேப் தேவைப்படும்.

பெரிய மேப்பை இரவில் தூங்கப்போகும் முன் போட்டுவிட்டு, சார்ஜரில் செருகி, திரை அணையாமல் வையுங்கள். பல போன்கள் திரை அணைந்ததும் பின்னணி டவுன்லோடுகளை நிறுத்திவிடும். சிறு பகுதிகளாகப் பிரிந்த மேப் என்றால் நாளை போகும் பகுதியை முதலில், மற்றதைப் பிறகு. வைஃபை பாதியில் போனாலும் காலையில் கிளம்பத் தேவையானது கையில் இருக்கும்.

பழைய நாட்டின் மேப்பை எல்லையைத் தாண்டி ஓரிரு நாள் கழித்து அழியுங்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்படுபவர்களும் உண்டு, அவர்களுக்கு வந்த வழி மறுபடி தேவைப்படும். எல்லா ஆப்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: எந்தச் சாவடி வெளிநாட்டவருக்குத் திறந்திருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. மேப்பில் சாலை எல்லையைக் கடந்து போனால் வழியையும் அதன்மேல் போட்டுவிடும். சாவடியை நீங்களே விசாரித்து முடிவு செய்து, வழியில் இடைப்புள்ளியாக வையுங்கள்.

இடம் போதவில்லை என்று ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஆப்பை நீக்கினால் அதன் மேப்புகளும் குறித்துவைத்த இடங்களும் பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும். செட்டிங்ஸில் "கிளியர் கேஷ்" பரவாயில்லை. "கிளியர் டேட்டா" கொடுத்தால் எல்லாமே காலி. பயணம் முடியும்வரை ஆப்களின் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்தி வையுங்கள். ஆப் புதுப்பித்ததும் மேப்பையும் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும், அது வைஃபை இல்லாத இடத்தில்தான் பெரும்பாலும் நடக்கும்.

கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் பகுதிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. காலாவதியாக 15 நாளோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது வைஃபை கிடைத்தால் தானாகப் புதுப்பிக்க முயலும். தொலைதூரப் பகுதிக்குப் போகும் முன் அந்தப் பட்டியலைத் திறந்து தேதியைப் பார்த்துவிடுங்கள்.

7. ஜிபிஎக்ஸ்: வழியைக் கொண்டுபோவது

பிறர் போன வழியோ நீங்கள் வரைந்த வழியோ ஜிபிஎக்ஸ் ஃபைலாகத்தான் கைமாறும். அதற்குள் மூன்று வகைத் தகவல் இருக்கலாம்: தனி இடங்கள், ரூட், டிராக். ரூட் என்பது சில திருப்பங்களின் பட்டியல் மட்டுமே. இடைப்பட்ட பாதையைக் கருவி தன் மேப்பை வைத்துத் தானே கணக்கிடும். டிராக் அடிக்கடி வரும் புள்ளிகளால் ஆன கோடு. உள்ளது உள்ளபடி வரையப்படும். நீங்கள் அமைதியான மண்பாதையைத் தேர்ந்து வரைந்திருக்க, கருவி உங்களை நெடுஞ்சாலையில் கொண்டுபோனால் அது ரூட்டாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் டிராக்காகவே சேமியுங்கள்.

நீண்ட பயணத்தை ஒரே டிராக்காக வைக்காதீர்கள். கார்மினின் ஈடிரெக்ஸ் 20, 30 போன்ற கருவிகளில் ஒரு டிராக்குக்கு 10,000 புள்ளிதான் வரம்பு. அதற்கு மேல் உள்ளது வெட்டப்படும், கடைசி நாட்களின் வழி காணாமல்போகும். நாளுக்கு ஒன்றாகவோ இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகவோ பிரித்து, பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று எண் போடுங்கள். கருவியில் வரிசையாக நிற்கும்.

போனில் ஓஸ்ம்அண்டிலேயே வழி வரைந்து ஜிபிஎக்ஸாகச் சேமிக்கலாம். கைக்கருவி என்றால் அதைக் கார்டில் கார்மின் ஃபோல்டருக்குள் ஜிபிஎக்ஸ் (GPX) என்ற ஃபோல்டரில் போடுங்கள். கார்மினின் எட்ஜ் வகை சைக்கிள் கருவி என்றால் அதன் நியூஃபைல்ஸ் (NewFiles) ஃபோல்டரில் போட வேண்டும். கருவி மறுபடி ஆன் ஆகும்போது எடுத்து மாற்றிக்கொள்ளும். கார்மின் கனெக்ட் ஆப்பில் ஃபைலைத் திறந்து புளூடூத்தில் அனுப்பவும் வழி உண்டு. டிராக் சிறிய ஃபைல் என்பதால் இதற்கு அது போதும்.

அரட்டை ஆப் வழியாக வரும் ஜிபிஎக்ஸ் ஃபைலின் முடிவில் சில நேரம் எக்ஸ்எம்எல் என்ற வால் ஒட்டிக்கொள்ளும். எந்த மேப் ஆப்பும் அதைத் திறக்காது. ஃபைல் கெட்டுவிட்டது என்று விட்டுவிடாமல் பெயரை மாற்றி அந்த வாலை நீக்குங்கள்.

8. ஆயத்தொலைவுகளைத் தட்டச்சு செய்வது

முகவரியே இல்லாத இடங்களில் தங்குமிடத்துக்காரர் எண்களைத்தான் அனுப்புவார். இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 13 டிகிரி 30 நிமிடம் என்பதைச் சிலர் 13.30 என்று அடிக்கிறார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே 30 நிமிடம் என்பது அரை டிகிரி. சரியான எண் 13.5. வித்தியாசம் வெறும் 0.2 தானே என்று தோன்றும். ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர், அதில் 0.2 என்றால் 22 கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவருக்கு அது ஒரு மாலைப்பொழுது.

தென் அரைக்கோளத்துக்கும் கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள இடங்களுக்கும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வேண்டும். நகலெடுக்கும்போது முதலில் விட்டுப்போவது அந்தக் குறிதான். வரிசையையும் பாருங்கள்: பெரும்பாலான ஆப்களில் அட்சம் முதலில், தீர்க்கம் அடுத்து, கூகுள் எர்த் பயன்படுத்தும் கேஎம்எல் ஃபைலுக்குள் தலைகீழாக இருக்கும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அது ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். எண்ணை அடித்ததும் "கிளம்பு" என்பதை அழுத்தாமல் மேப்பைச் சற்றுச் சிறிதாக்கி, நீங்கள் நினைத்த ஊரின் அருகில்தான் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

9. பேட்டரியும் பேக்கப்பும்

சார்ஜை அதிகம் தின்பது திரை. அதற்கு அடுத்து, சிக்னல் இல்லாத பகுதியில் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும் போன். மலைப்பகுதியில் ஏரோபிளேன் மோடில் போட்டால் ஜிபிஎஸ் வழக்கம்போல ஓடும், சார்ஜும் நீண்ட நேரம் வரும். குளிர்ப் பிரதேசங்களில் இரவில் போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும்.

டிராக்கைப் போனில் பதிவு செய்கிறவர்கள், அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் ஆப்பைத் தூங்கவைத்துவிடும். மாலையில் பார்த்தால் காலைப் புள்ளியிலிருந்து மாலைப் புள்ளிக்கு ஏரிக்கு மேலாக ஒரு நேர்கோடு போயிருக்கும்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை டிராக்குகளையும் குறித்துவைத்த இடங்களையும் ஆப்பிலிருந்து ஏற்றுமதி செய்து, ஒரு பிரதி கார்டிலும் ஒன்று கிளவுடிலும் போடுங்கள். பேக்கப் கார்டு போன் இருக்கும் பையில் இருக்கக் கூடாது.

10. கோளாறு வந்தால் பார்க்க வேண்டிய வரிசை

புள்ளி சாலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, சுற்றிப் பெரிய நீல வட்டத்தோடு நின்றால், அந்த ஆப்புக்குத் துல்லிய இருப்பிட அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி சரியாக இருந்து அம்புக்குறி மட்டும் வேறு திசை காட்டினால் திசைகாட்டிதான் குழம்பியிருக்கிறது. போனைக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றுங்கள், காந்தம் வைத்த உறையைக் கழற்றுங்கள்.

கருவியில் மேப் வெறுமையாக இருந்தால், பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு மேப் பட்டியலில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று. பிறகு கார்டில் ஃபோல்டர் பெயரையும் ஃபைலின் முடிவையும். பட்டியலிலேயே வரவில்லை என்றால் தவறு பெரும்பாலும் பெயரில்தான்.

கருவி தொடக்கத் திரையில் நின்றுவிட்டால் அணைத்து, கார்டைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது திறந்தால் கார்டில் உள்ள கடைசி ஃபைல்தான் காரணம். கார்டைப் போனில் செருகி அந்த ஃபைலைக் கார்டிலிருந்து அழித்துவிட்டு, போனில் வைத்திருக்கும் பிரதியிலிருந்து மறுபடி நகலெடுங்கள். கார்டைச் செருகியதும் போன் "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்டால் உடனே சரி கொடுக்காதீர்கள். ரீடரைக் கழற்றி மறுபடி செருகுங்கள், முடிந்தால் வேறு போனில் பாருங்கள். பல நேரம் தொடர்பு சரியாகப் படியாததுதான் காரணமாக இருக்கும். அப்படியும் திறக்கவில்லை என்றால் இரண்டாவது கார்டை எடுத்துக் கருவியில் போட்டுப் பயணத்தைத் தொடருங்கள். டிராக்குகள் உள்ள பழைய கார்டை ஃபார்மேட் செய்யாமல் பத்திரமாக வைத்தால், ஊர் திரும்பியதும் கணினியில் மீட்டெடுக்க வாய்ப்பு இருக்கிறது.